ஒரு ஜெபக் குறிப்பு

“ஒரு ஜெபக் குறிப்பு இருக்கு. கொஞ்சம் பாரத்தோட ஜெபிச்சுக்கோங்க.”

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை மாலை, எங்கள் பெண்கள் ஜெபக் குழுவில் நான் சொன்ன வார்த்தைகள் இவை. அன்று ஒன்பது பேர் கூடியிருந்தோம். பாட்டு முடிந்து, வேத வாசிப்பு முடிந்து, அவரவர் குறிப்புகளைச் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருவருக்கு முழங்கால் வலி. இன்னொருவருடைய மகனுக்குப் பரீட்சை. என் முறை வந்தபோது சொல்வதற்கு என் வீட்டில் பெரிதாக எதுவும் இல்லை. அப்போதுதான் அக்காவின் விஷயம் நாக்கு நுனிக்கு வந்தது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. பாடகர் குழுவில் 11 வருடம் என் பக்கத்தில் நின்று பாடியவர். அதற்கு இரண்டு நாள் முன்பு, பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு, பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே தன் குடும்பத்தில் நடந்த ஒன்றை என்னிடம் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை புத்தகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. அது என்ன விஷயம் என்று இங்கே எழுதப்போவதில்லை. இந்தப் பதிவை எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். “அதை மட்டும் விட்டுட்டு மத்ததை எழுது” என்றார்.

அந்த வியாழக்கிழமை நான் விடவில்லை. மூன்று நிமிடம் பேசியிருப்பேன். பெயரைச் சொல்லாமல் “நம்ம பாடகர் குழுவுல ஒரு அக்கா” என்று ஆரம்பித்தேன். பெயரைச் சொன்ன மாதிரிதான். பேசப் பேசக் குரல் தானாகத் தாழ்ந்தது. குரல் தாழ்ந்ததும் எட்டுப் பேரும் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்கள். ஒருவர் வேதாகமத்தை மூடி மடியில் வைத்தார். ஒருவர் “ஐயோ, ஆண்டவரே” என்றார். எனக்குள் ஒரு சூடு பரவியது. அதைப் பாரம் என்று நினைத்தேன், அன்பு என்று நினைத்தேன். எட்டுப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்க்கிறார்கள் என்ற இன்பம் அது என்று எனக்குப் புரியப் பல மாதம் ஆயிற்று.

பிறகு ஜெபித்தோம். கண்ணீரோடுதான் ஜெபித்தோம், அந்தக் கண்ணீர் பொய்யில்லை. ஒரு நல்ல ஊழியம் செய்த நிறைவோடு வீட்டுக்கு வந்தேன்.

அன்று வராத இரண்டு பேருக்காக, குழுவில் ஒருவர் அதைச் சுருக்கி வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார். அங்கிருந்து அது இன்னொரு குழுவுக்குப் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால், அக்காவுக்கு அவ்வளவாகப் பழக்கமில்லாத ஒரு பெண்மணி வந்து, அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “தைரியமா இருங்க, நாங்க எல்லாரும் உங்களுக்காக ஜெபிக்கிறோம்” என்றிருக்கிறார். முதலில் அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லையாம். பாடகர் மாடத்துக்குப் படி ஏறும்போதுதான் புரிந்ததாம். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டு, அப்படியே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

பக்கத்து இடம் காலியாக இருந்ததைப் பார்த்து, காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் பாடிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் நானே போன் செய்தேன். அக்கா ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். “நான் உன்கிட்டதான் சொன்னேன்.” கோபமான குரல் இல்லை. களைத்துப்போன குரல். பிறகு “வெச்சிடுறேன்” என்று வைத்துவிட்டார்.

அந்த இரவில் எனக்குள் நடந்த விவாதத்தை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் பலருக்கும் இது தெரிந்த விவாதமாகத்தான் இருக்கும். நான் பொய் ஒன்றும் சொல்லவில்லையே. இட்டுக்கட்டவில்லையே. கெட்ட எண்ணம் இல்லையே. ஜெபிக்கத்தானே சொன்னேன். வாட்ஸ்அப்பில் போட்டது நானில்லையே. இப்படி ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொன்றும் உண்மை. ஆனாலும் தூக்கம் வரவில்லை.

நீதிமொழிகள் 11-ஆம் அதிகாரத்தில் ஒரு வசனம் உண்டு: “புறங்கூறித் திரிகிறவன் இரகசியத்தை வெளிப்படுத்துகிறான், ஆவியில் உண்மையுள்ளவனோ காரியத்தை அடக்குகிறான்.” சின்ன வயதிலிருந்து எத்தனை தடவை வாசித்திருப்பேன்! அங்கே பொய் என்ற பேச்சே இல்லை என்பது அன்று இரவுதான் கண்ணில் பட்டது. வெளிப்படுத்தப்படுவது இரகசியம், அது உண்மையாகத்தான் இருக்கும். உண்மையுள்ளவன் என்று அந்த வசனம் அழைப்பது உண்மையைப் பேசுகிறவனைக்கூட இல்லை. காரியத்தை அடக்குகிறவனை.

13-ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தோமா அக்குவினா புறங்கூறுதலைப் பற்றி எழுதும்போது, ஒருவருடைய பெயரை நேரடியாகக் கெடுக்கிற வழிகள் நான்கு என்று பிரிக்கிறார். இல்லாத குற்றத்தைச் சுமத்துவது, இருக்கிற குற்றத்தைப் பெரிதாக்குவது, மறைவாக இருப்பதை வெளியே கொண்டுவருவது, நல்ல செயலுக்குக் கெட்ட நோக்கம் கற்பிப்பது. இதைப் படித்தபோது மூன்றாவதில் கண் நின்றுவிட்டது. முதல் இரண்டையும் செய்யாததால் நான் சுத்தமானவள் என்று அதுவரை நினைத்திருந்தேன். கத்தோலிக்கத் திருச்சபையின் போதனையில் இன்றும் இந்த வித்தியாசம் உண்டு: பொய்யால் ஒருவர் பெயரைக் கெடுப்பது ஒரு பாவம், தகுந்த காரணம் இல்லாமல், தெரியாதவர்களிடம் ஒருவருடைய உண்மையான குறையைத் திறந்து காட்டுவது இன்னொரு பாவம். நான் வளர்ந்த சபையில் இப்படிப் பிரித்துச் சொல்லி நான் கேட்டதில்லை. “உண்மையைத்தானே சொன்னேன்” என்பதை ஒரு நல்ல பதிலாக நினைத்தே வளர்ந்துவிட்டேன்.

ஜெபக் குறிப்பு என்பது புனிதமான ஒன்று. ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கும் வழி அது. அதனால்தான் அதற்குள் வம்பு நுழைந்தால் யாருக்கும் தெரிவதில்லை, பேசுகிறவருக்கே தெரிவதில்லை. கடையிலோ தெருவிலோ ஒருவரைப் பற்றிப் பேசினால் மனசாட்சி கொஞ்சமாவது குத்தும். கண்ணை மூடி, கையைக் கூப்பிப் பேசினால் குத்தாது.

சரி, மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கூடப் பார்த்தேன். ஒரு பக்கம் வந்தது. அதை எங்கள் போதகரிடம் காட்டினேன். அவர் பேனாவை எடுத்து, “ஆனால்” என்று வந்த இடத்தையெல்லாம் வட்டம் போட்டார். ஐந்து வட்டம். “இந்த அஞ்சையும் எடுத்துட்டு எது மிஞ்சுதோ அதை மட்டும் சொல்லுங்கம்மா” என்றார். மிஞ்சியது இரண்டு வரி.

மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில், பலிபீடத்துக்குக் காணிக்கை கொண்டுவந்தவனைப் பற்றி ஆண்டவர் சொல்லும் இடம் எல்லாருக்கும் தெரியும். சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று அங்கே நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, “முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து.” கவனியுங்கள், உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று அங்கே இல்லை. அவனுக்கு உன்மேல். அடுத்த வியாழக்கிழமை ஜெபக் கூட்ட நேரத்தில், கூட்டத்துக்குப் போகாமல் அக்காவின் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தவர் உள்ளே வா என்று சொல்லவில்லை. ஒரு கை கதவின் மேலேயே இருந்தது. நான் அந்த இரண்டு வரியைச் சொன்னேன். “நீங்க என்னை நம்பிச் சொன்னதை நான் மத்தவங்ககிட்ட சொல்லிட்டேன். அது தப்பு அக்கா, என்னை மன்னிச்சிடுங்க.” மூன்றாவது வரி வாய்வரைக்கும் வந்தது, ஜெபத்துக்காகத்தான் சொன்னேன் என்கிற வரி. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அக்கா ரொம்ப நேரம் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “மன்னிச்சிட்டேன். ஆனா இனிமே உன்கிட்ட ஒண்ணும் சொல்ல முடியும்னு தோணலை.”

அதைக் கேட்டபோது வலித்தது. மன்னித்தால் எல்லாம் பழையபடி ஆக வேண்டும் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். மன்னிப்பு ஒரு நொடியில் கொடுக்கக் கூடியது, நம்பிக்கை அப்படி இல்லை. இன்றைக்கு யோசித்தால், அக்கா இரண்டையும் குழப்பாமல் பிரித்துச் சொன்னது எனக்குக் கிடைத்த இரக்கம் என்றே படுகிறது. பொய்யாகச் சிரித்து உள்ளே கூப்பிட்டிருந்தால் நான் எதையும் கற்றிருக்க மாட்டேன்.

அப்புறம் அந்த எட்டுப் பேரிடமும் ஒவ்வொருவராகப் போனேன். இதை யாரும் செய்யச் சொல்லவில்லை. ஆனால் நான் எடுத்தது அக்காவின் நல்ல பெயரை. எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுக்காமல் மன்னிப்பு மட்டும் கேட்டால் எப்படி? “நான் அன்னைக்குச் சொன்னது நான் சொல்ல உரிமையில்லாத விஷயம். தயவுசெய்து அதை இதுக்கு மேல யார்கிட்டயும் பேசாதீங்க” என்று எட்டுத் தடவை சொன்னேன். அக்காவிடம் மன்னிப்புக் கேட்டதைவிட இது கஷ்டமாக இருந்தது. இரண்டு பேர், “இதுக்கு எதுக்கு இவ்வளவு, ஜெபிக்கத்தானே சொன்னீங்க” என்றார்கள். எனக்காகப் பரிந்து பேசினார்கள். அந்த ஆறுதலை வாங்கிக்கொள்ள ஆசையாகத்தான் இருந்தது.

இதோடு விஷயம் முடிந்திருக்கலாம். எனக்கு முடியவில்லை. நாற்பது வருடமாக ஆலயத்துக்குப் போகிறேன், தினமும் வேதம் வாசிக்கிறேன், ஜெபக் குழு நடத்துகிறேன். ஆனாலும் வாய் இப்படி இருக்கிறது. “ஆண்டவரே, என்னை உமக்குப் பிரியமானவளாக மாற்றும்” என்று எத்தனை வருடம் ஜெபித்திருப்பேன்! அந்த ஜெபத்தில் தவறில்லை. ஆனால் எதை மாற்ற வேண்டும் என்று ஒரு நாளும் குறிப்பாகச் சொன்னதில்லை. மொத்தமாகக் கேட்டுவிட்டு, மொத்தமாக மறந்துவிடுவேன்.

நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் பாம்போ என்று ஒரு துறவி இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஒரு சங்கீதம் கற்றுக்கொள்ளலாம் என்று ஒருவரிடம் போனார். அவர் 39-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தைச் சொன்னார்: “என் நாவினால் பாவஞ்செய்யாதபடிக்கு நான் என் வழிகளைக் காத்து...” பாம்போ அடுத்த வசனத்தைக் கேட்க நிற்கவில்லை. இது போதும், இதைச் செயலில் கற்றுக்கொண்டு வருகிறேன் என்று எழுந்துவிட்டார். ஆறு மாதம் ஆளையே காணோம். ஏன் வரவில்லை என்று ஆசிரியர் கடிந்துகொண்டபோது, அந்த வசனத்தையே இன்னும் நான் கற்று முடிக்கவில்லை என்றாராம். பல வருடங்கள் கழித்து ஒரு நண்பர் கேட்டபோதும், இப்போதுதான் ஏதோ கொஞ்சம் என்றாராம்.

நான் ஒரு நாளைக்கு மூன்று அதிகாரம் வாசிக்கிறவள். அந்தக் கணக்கில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. பாம்போவின் கதையைக் கேட்ட பிறகு, வாசிப்பைக் குறைக்கவில்லை, ஆனால் ஒரு வசனத்தை மட்டும் அந்த வருடத்துக்கு என்று எடுத்துக்கொண்டேன். 141-ஆம் சங்கீதத்தில் வருவது: “கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும், என் உதடுகளின் வாசலைக் காத்துக்கொள்ளும்.” காலையில் பல் துலக்கியதும் கண்ணாடிக்கு முன்னால் நின்று இதைச் சொல்வேன். வாயைப் பார்த்துக்கொண்டே சொல்வேன்.

இன்னொன்றும் செய்தேன். இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியாரின் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ என்ற நூலுக்கு 1548-இல் போப்பின் ஒப்புதல் கிடைத்தது. அதற்குள் ஒரு சின்னப் பயிற்சி இருக்கிறது. ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் எழுந்ததும், இன்று இதில் கவனமாயிருப்பேன் என்று தீர்மானம். மதியம் ஒரு முறை, இரவு ஒரு முறை, மணிக்கு மணி யோசித்து, எத்தனை தடவை விழுந்தேனோ அத்தனை புள்ளி ஒரு கோட்டின்மேல் வைக்க வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடு. ஏழு நாளுக்கும் கோடு போடும்போது, முதல் நாளின் கோடு நீளமாக இருக்கும், போகப் போகக் கோடுகள் குட்டையாகும். விழுந்த அந்த நொடியிலேயே கையை நெஞ்சின்மேல் வைத்து வருந்த வேண்டும் என்றும் சொல்கிறார். பலர் நடுவில் இருந்தாலும் யாருக்கும் தெரியாமல் செய்யலாம் என்கிறார். நான் கத்தோலிக்கச் சபையைச் சேர்ந்தவள் இல்லை. ஆனாலும் என்னைப் போன்ற ஒருத்திக்கு இவ்வளவு தெளிவாக வழி காட்டியவரிடம் கற்றுக்கொள்வதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

ஒரு பழைய நோட்டில் கோடு போட்டேன். குறை: அங்கே இல்லாத ஒருவரைப் பற்றி, அவர் இருந்தால் சொல்லமாட்டாத ஒன்றைச் சொல்வது. இப்படிக் கறாராக எழுதி வைத்தால்தான் தப்பிக்க முடியாது.

முதல் நாள் 14 புள்ளி. நோட்டை மூடி வைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அதிகமாக வம்பு பேசுகிறவள் என்று என்னை யாருமே சொன்னதில்லை. நான் அமைதியானவள் என்றுதான் பெயர்.

இரண்டு மூன்று வாரத்தில் புள்ளிகள் எங்கே விழுகின்றன என்று தெரிய ஆரம்பித்தது. ஒன்று, ஆராதனை முடிந்து வாசலுக்குப் போகும்வரை உள்ள பத்து நிமிடம். ஆசீர்வாத ஜெபத்துக்கு “ஆமென்” சொன்ன வாய் அந்தப் பத்து நிமிடத்தில் என்னவெல்லாம் பேசுகிறது என்று பார்த்தபோது, நிருபம் எழுதிய யாக்கோபு நினைவுக்கு வந்தார்: “துதித்தலும் சபித்தலும் ஒரே வாயிலிருந்து புறப்படுகிறது.” இன்னொன்று, இரவில் பாத்திரம் கழுவிக்கொண்டே தங்கையோடு போன் பேசும் நேரம். கை ஒரு வேலையில் இருக்கும்போது நாக்கு கட்டவிழ்ந்து ஓடுகிறது.

நேரங்கள் தெரிந்த பிறகு காரணமும் தெரிந்தது. என் நாள் நன்றாகப் போயிருந்தால் புள்ளிகள் குறைவு. யாராவது என்னைக் கவனிக்காமல் போன நாள், வேறொருவருக்குப் பாட்டில் தனிப் பகுதி கொடுத்த நாள், என் பிள்ளைகள் போன் செய்யாத நாள், அந்த நாட்களில் கோடு நிறைந்துவிடும். நான் சின்னவளாக உணரும்போது, யாரைப் பற்றியாவது ஒரு செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு பெரியவளாகிறேன். அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான்: என் முறை வந்தபோது சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. வாயை அடக்குவது பாதி வேலைதான் என்று அப்போது உணர்த்தப்பட்டேன். அதற்கு அடியில் இருந்த வெறுமையையும் ஆண்டவரிடம் கொண்டுபோக வேண்டியிருந்தது. “என்னை யாரும் பார்க்கலை ஆண்டவரே” என்று ஐம்பது வயது தாண்டியவள் ஜெபிப்பது எளிதில்லை. ஆனால் அதுதான் நான் பல வருடத்தில் செய்த முதல் நேர்மையான ஜெபம்.

புள்ளிகள் சீராகக் குறைந்தன என்று எழுத ஆசை. அப்படி நடக்கவில்லை. 14 என்பது 9 ஆயிற்று, 5 ஆயிற்று. நான்காவது மாதத்தில் மறுபடி 12. சோர்ந்துபோனேன். நோட்டைப் புரட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, முதல் மாதத்தில் புள்ளியே வைக்காமல் விட்டவற்றுக்கெல்லாம் இப்போது வைக்கிறேன். புருவத்தை உயர்த்தியது, “அவங்களைப் பத்தித்தான் தெரியுமே” என்று பாதியில் நிறுத்தியது, மற்றவர் பேசும்போது “அப்புறம்?” என்று தூண்டிவிட்டது. கெட்டுப்போகவில்லை, கண் கொஞ்சம் திறந்திருந்தது.

கலாத்தியர் 5-இல் “ஆவியின் கனியோ, அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம்” என்று ஒன்பது வருகிறது. ஆனால் கனிகள் என்று இல்லை, கனி என்று ஒருமையில் இருக்கிறது. கிரேக்க மூலத்திலும் ஒருமைதான். ஒன்பதில் ஒன்றைப் பிடித்து இழுத்தால் மற்றவையும் சேர்ந்து அசைகின்றன என்பதை அனுபவத்தில் கண்டேன். நான் எடுத்தது கடைசியில் இருக்கும் இச்சையடக்கம், அதுவும் நாவில் மட்டும். அது என்னைச் சந்தோஷத்தின் குறைவுக்குக் கொண்டுபோயிற்று, அங்கிருந்து அன்பின் குறைவுக்கு.

ஏனென்றால் நடுவில் ஒரு தப்பான திருப்பமும் எடுத்தேன். பேசினால்தானே புள்ளி என்று பேச்சையே குறைத்துவிட்டேன். பாலைவனத் துறவி அகத்தோன், மௌனம் பழகுவதற்காக வாயில் ஒரு கல்லை மூன்று வருடம் வைத்திருந்தார் என்று சொல்வார்கள். துறவிக்கு அது சரி. என் வீட்டில் என் மௌனம் குளிர்ந்த மௌனமாக இருந்தது. தங்கை ஒரு நாள், “உனக்கு என்மேல கோபமா?” என்று கேட்டாள். நோட்டில் அன்றைக்கு ஒரு புள்ளிகூட இல்லை. ஆனால் அவளை அழ வைத்திருந்தேன்.

எபேசியர் 4:29-ஐ முழுசாக வாசித்தது அதற்குப் பிறகுதான். கெட்ட வார்த்தை ஒன்றும் வாயிலிருந்து புறப்பட வேண்டாம் என்று பவுல் நிறுத்தவில்லை. கேட்கிறவர்களுக்குப் பிரயோஜனமுண்டாகும்படி நல்ல வார்த்தையைப் பேசுங்கள் என்று தொடர்கிறார். சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரும் 1529-இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேச நூலில் பொய்ச்சாட்சிக் கட்டளையை இதே மாதிரிதான் விளக்குகிறார்: அயலானைக் காட்டிக்கொடுக்காதே, அவதூறு பேசாதே; அதோடு, அவனுக்காகப் பரிந்து பேசு, அவனைப் பற்றி நல்லதைச் சொல், அவன் செய்த எதையும் நல்ல விதமாகவே விளங்கிக்கொள். நான் பாதிக் கட்டளையைத்தான் கைக்கொண்டிருந்தேன்.

அதனால் நோட்டின் எதிர்ப் பக்கத்திலும் கோடு போட்டேன். அங்கே இல்லாதவரைப் பற்றி, உண்மையான ஒரு நல்லதைச் சொன்னால் அங்கே ஒரு புள்ளி. இதுவும் எளிதில்லை. முதல் வாரம் அந்தப் பக்கம் காலியாகவே கிடந்தது. பிறகு ஒரு ஞாயிறு, அந்தப் பத்து நிமிடத்தில், நாலு பேர் சேர்ந்து ஒரு பெண்ணின் குறையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அந்தப் பெண்ணோடு ஒத்துப்போகாது. கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. “எங்க அம்மா இறந்தப்போ அவங்க ராத்திரி முழுக்க எங்களோட இருந்தாங்க” என்றேன். அது உண்மை, எனக்கே மறந்துபோயிருந்த உண்மை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சு வேறு பக்கம் போயிற்று. அன்று இரவு எதிர்ப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தபோது, அந்தப் பெண்ணைப் பற்றி இருந்த என் கசப்பு கொஞ்சம் இளகியிருந்தது. நாக்கு முன்னால் போய், மனது பின்னால் வந்து சேர்ந்தது.

ஜெபக் குழுவிலும் ஒரு ஒழுங்கு கொண்டுவந்தோம். தன் காரியத்தைத் தான் சொல்லலாம். மற்றவருடைய காரியமென்றால் அவர் சம்மதம் வேண்டும். சம்மதம் இல்லையென்றால் “ஒரு சகோதரிக்காக” என்று சொல்லிவிட்டு அமைதியாக ஜெபிப்போம். விவரம் தெரியாமல் எப்படிப் பாரத்தோடு ஜெபிப்பது என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. மாற்கு 2-ஐ வாசித்துக் காட்டினேன். திமிர்வாதக்காரனைச் சுமந்துவந்த அந்த நாலு பேரும் அந்தப் பகுதி முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. அவனுக்கு எப்போதிலிருந்து இப்படி, யாருடைய தப்பு, வீட்டில் என்ன நிலைமை, எதையும் சொல்வதில்லை. கூரையைப் பிரிக்கிறார்கள், படுக்கையை இறக்குகிறார்கள். இயேசு அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்று எழுதியிருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். யாராவது அடி வாங்கிக்கொண்டிருந்தாலோ, ஒரு குழந்தைக்கு ஆபத்து இருந்தாலோ, அங்கே மௌனம் காப்பது நற்குணம் இல்லை. அதை, தடுக்கக் கூடியவர்களிடம், உடனே சொல்ல வேண்டும். பாதுகாக்கச் சொல்வதும் வம்புக்காகச் சொல்வதும் ஒன்றில்லை. யாரிடம் சொல்கிறோம் என்பதிலேயே அது தெரிந்துவிடும்.

மூன்று வருடம் ஆயிற்று. நோட்டு இப்போது இரண்டாவது. நேற்று மூன்று புள்ளி. மாற்கு 4-இல் விதைத்தவன் இரவில் தூங்கி, பகலில் விழித்திருக்க, அவனுக்குத் தெரியாத விதமாய் விதை முளைக்கிறது என்று ஆண்டவர் சொல்கிறார். முன்பு முளை, பின்பு கதிர். நான் எதில் இருக்கிறேன் என்று பார்க்க இப்போதெல்லாம் மண்ணைத் தோண்டுவதில்லை.

அக்கா பாடகர் குழுவுக்குத் திரும்பி வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. முதலில் வேறு வரிசையில் நின்றார். பிறகு என் வரிசைக்கு வந்தார், நடுவில் ஒருவர். பயிற்சி முடிந்தால் புத்தகங்களை இருவரும் சேர்ந்துதான் அடுக்குகிறோம். பாட்டைப் பற்றிப் பேசுவோம், தொண்டை வலியைப் பற்றிப் பேசுவோம். அதற்கு மேல் நான் எதுவும் கேட்டதில்லை.

போன மாதம் ஒரு நாள் கடைசிப் புத்தகத்தை வைத்துவிட்டு அக்கா நின்றார். “ஒரு காரியத்துக்காக ஜெபிச்சுக்கோ. என்னன்னு கேட்காதே” என்றார். இந்த முறை என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். சரி அக்கா என்றேன்.

என்ன காரியம் என்று எனக்குத் தெரியாது. தினமும் காலையில், கண்ணாடிக்கு முன்னால் என் வசனத்தைச் சொல்லி முடித்ததும், அதற்காக ஜெபிக்கிறேன்.